முப்பத்துநாலு இருட்டுப் படங்கள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி இடப்பக்கம் நேராகத்தான் தொடங்கும், வலப்பக்கம் போகப் போக மலையிலிருந்து சாக்கோடு இறங்குகிறவன் மாதிரி கீழே சறுக்கிவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ர’ எங்கே வரும் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தோன்றிய இடத்தில் தோன்றியதைப் போட்டிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் சரியானதை வைத்து வாசித்துக்கொள்ளவும்.

எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டிய பக்கம், மேலே தேயிலையும் கீழே ரப்பரும் உள்ளது. தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, அந்தக் காலத்தில் நான் ஸ்டோரில் வேலை செய்தேன். தேயிலை பெக்டரியைத்தான் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில், மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றை விட்டு வாட்டுவது என் வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொழுந்தோடு பேச வேண்டியதில்லை.

ஆட்களோடு பேசுவதுதான் எனக்குக் கஷ்டம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். அப்படிப்பட்டவன் தோட்டத்துப் போட்டோக்காரன் ஆனது எப்படி என்று கேட்பார்கள். தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கரையா வேலையை விட்டுப் போகும்போது சாமான்களை எல்லாம் விற்றார். கட்டில், ரேடியோ, கோழிக்கூடு எல்லாம் போய்க் கடைசியில் ஒரு ஜப்பான் கேமரா மிஞ்சியது. அதை நான் வாங்கினேன். கேமராவை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் எல்லோரும் கேமராவைத்தான் பார்க்கிறார்கள், பின்னால் இருக்கிறவனைப் பார்ப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் நான் தைரியமாகப் போக ஆரம்பித்தேன்.

கிளாக்கரையா கேமராவைக் கையில் கொடுக்கும்போது ஒரு புத்தி சொன்னார்.

“ஈரம் படாம வச்சுக்கப்பா. பூஞ்சணம் புடிச்சா கண்ணாடி போயிரும்.”

எங்கள் பக்கம் மழை பிடித்தால், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் உப்பு தண்ணீராகிவிடும், தீப்பெட்டி கூழாகிவிடும். ஈரமில்லாத இடத்துக்கு எங்கே போவது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்த இடமே மேல்மாடிதான். ஈரத்தை எடுப்பதற்கென்றே கட்டிய கட்டடம் அது, அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான். இதைவிடப் பொருத்தமான ஆளும் இடமும் இந்த மாகாணத்தில் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. சூடான காற்று வரும் வாய்க்கு மேலே ஒரு மரச்சட்டம் இருந்தது. கேமராவைப் பையோடு வைத்தால் காற்றுப் படாது என்று பையைக் கழற்றிவிட்டு வைத்தேன். மேல்மாடியில் கொழுந்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை தொங்கியது. தமிழில் எழுதியிருந்ததை நான் வாசித்திருந்தேன். அது சோற்றுப் பார்சலுக்கும் செருப்புக்கும் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று. பூஞ்சணம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

என்னோடு ஸ்டோரில், கீழே கொழுந்து அரைக்கும் ரோலரில் ஒரு கூட்டாளி இருந்தான். அவனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடிவானது. பெண்ணைவிட அவனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு காம்பரா, குடியிருக்க ஒரு தனி அறை. லயத்தில் ஒரே அறையில் அப்பா, அம்மா, கல்யாணமான அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை, இவன். புதுப்பெண்ணை எங்கே கொண்டுவந்து வைப்பது? அந்த நேரம் பார்த்துக் கடைசி லயத்தில் ஒரு காம்பரா காலியானது. கேட்டவர்கள் மூன்று பேர்.

தோட்டத்துக்குப் புதிதாக மெனேஜராக வந்திருந்த தொரை அதற்கு ஒரு சட்டம் வைத்தார். அதற்கு முன்பு யாரோ அக்காவும் தம்பியும் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக் காம்பரா வாங்கிவிட்டார்களாம். ஆகவே, கல்யாணம் பதிந்த துண்டைக் காட்ட வேண்டும், அது இல்லாவிட்டால் கல்யாணப் போட்டோவைக் காட்ட வேண்டும், மாதக் கடைசிக்குள். பெண்ணுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அதை எடுத்து, பிறகு பதிந்து முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேகாலைக் கந்தோரில், அதாவது பதிவு ஆபீசில், இருந்தவருக்கே தெரியவில்லை. ஆகவே போட்டோதான்.

“மச்சான், ஒன்னைய நம்பித்தான் தாலியே கட்டுறேன்” என்றான்.

நான் தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுவது என் பழக்கம்.

கல்யாணம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மாரியம்மன் கோயிலில். முப்பத்தாறு படம் விழும் கலர் பிலிம் ஒன்று போட்டிருந்தேன். முதல் படம் கும்பம். இரண்டாவது, மாப்பிள்ளையின் தாய்மாமன். மணவறைப் பக்கம் போக விடாமல் என் கையைப் பிடித்துக் கோயில் சுவரோரம் இழுத்துக்கொண்டு போய், புதுக் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“குடையோட எடு தம்பி. கைப்பிடி தெரியணும்.”

எடுத்தேன். பிறகு மணவறைக்கு வந்து மூன்றாவது படத்துக்குப் பட்டனை அமுக்கினேன். வழக்கமாக இரண்டு சத்தம் கேட்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே போகிற சத்தம் ஒன்று, கீழே வருகிற சத்தம் ஒன்று. அன்றைக்கு மேலே போன சத்தம் மட்டும் கேட்டது.

கண் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டு. மணவறை இல்லை, மாப்பிள்ளை இல்லை, ஒன்றுமே இல்லை. பிலிம் இழுக்கும் லிவரைத் தள்ளினேன், அசையவில்லை. மறுபடி பட்டனை அமுக்கினேன், அதுவும் அசையவில்லை. ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பூசாரி தாலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“என்ன போட்டோக்காரரே, ரெடியா? கட்டச் சொல்லலாமா?”

மேளக்காரர்கள் கையை ஓங்கியபடி என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை பார்த்தான். பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குள் இருந்த நூறு நூற்றைம்பது பேரும் பார்த்தார்கள். அம்மனும் பார்த்த மாதிரித்தான் இருந்தது.

நான் தலையாட்டினேன்.

மேளம் முழங்கியது. கேமரா தலைமேல் மாட்டியிருந்த ப்ளாஷில், அது எரிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சின்னப் பட்டன் உண்டு. படம் விழாது, வெளிச்சம் மட்டும் அடிக்கும். நான் இருட்டுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு, பெருவிரலால் அதை அமுக்கினேன். பளிச்சென்று அடித்தது. எல்லோரும் திருப்தியாகத் திரும்பிக்கொண்டார்கள். அவன் தாலி கட்டினான்.

ஒருமுறை பொய் வெளிச்சம் அடித்த பிறகு இரண்டாவது முறை அடிப்பது சுலபம். மாலை மாற்றினார்கள், அடித்தேன். காலில் விழுந்தார்கள், அடித்தேன். பெண் வீட்டார் பத்துப் பத்துப் பேராக வந்து நின்றார்கள். நான் வழக்கம்போல இடது பக்கம் நகருங்கள் என்று கையைக் காட்டினேன், உயரமானவர்களைப் பின்னால் அனுப்பினேன், ஒவ்வொரு தடவையும் லிவரை இழுக்கிற மாதிரி விரலை அசைத்தேன். பெண்ணின் சின்னம்மா, “ஐயையோ, கண்ண மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்க” என்றார். இன்னொன்று எடுத்தேன். அதிலும் மூடிவிட்டாராம். மூன்றாவதும் எடுத்தேன். பிலிம் வீணாகிறது என்று பக்கத்தில் இருந்தவர் அவரைத் திட்டினார். நான் எண்ணிக்கொண்டே வந்து, முப்பத்தாறு ஆனதும், பிலிம் முடிந்தது என்று கையை விரித்தேன். இப்படியொரு ஒழுங்கு எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

மறுநாள் காலையில் ஸ்டோரின் மூலையில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்தேன். பிலிம் முடிந்ததால் இறுகியிருக்குமோ என்றால், எண் காட்டுகிற இடத்தில் மூன்று என்று இருந்தது. ஷட்டர் வேகம் திருப்பும் சக்கரத்தை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பினேன். பேட்டரியைக் கழற்றினேன், அது வெளிச்சம் அளக்கிற முள்ளுக்கு மட்டும்தான், ஷட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பளிக்குள் கையை விட்டு பிலிமைச் சுற்றி வெளியே எடுத்தேன். லென்சைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சின்னக் கண்ணாடி மேலே கூரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் தொடப் பயமாக இருந்தது.

இதற்குள் ஸ்டோர் பிட்டர் வந்துவிட்டார். ரோலர், டிரையர் எல்லாம் அவர் பொறுப்பு. வாய் நீண்ட எண்ணெய் டின்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிவார்.

“இங்க குடு. ஒரு சொட்டு விட்டா ஓடும். ஓடாத மிஷின் ஒலகத்துல இல்ல.”

“வேணாம்ண்ணே.”

“அப்ப தட்டிப் பாப்போம்.” இடுப்பில் இருந்த ஸ்பேனரை உருவினார். என் முழங்கை நீளம் இருக்கும். கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடிவிட்டேன்.

கூட்டாளி தினமும் கேட்டான். “படம் வந்திருச்சா மச்சான்?”

“கழுவக் குடுத்திருக்கு.”

கேமராவை அந்த வாரமே கேகாலைக்குக் கொண்டுபோயிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மணிக்கூடு திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர், ரேடியோ, தையல் மிஷின், கேமரா என்று எதையும் திறந்து பார்ப்பார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே குனிந்தவர், ஒரு சின்ன இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாக இருந்தது. மோந்து பார்த்தார்.

“தம்பி, இது கேமராவா, டீ பக்கெட்டா? ஒரு கோப்ப ஊத்தலாம் போல ஈக்கே.”

அதே இடுக்கியால் கேமராவின் உள்ளே காட்டினார்.

“இதப் பாருங்க. கண்ணாடி மேல போய் முட்டுற எடத்துல மெல்லிசா ஒரு ஸ்பஞ்சு ஒட்டி ஈக்கும், அடிபடாமலுக்கு. அந்த ஸ்பஞ்சு உருகி ஒட்டுப்பால் மாதிரி ஆகி ஈக்கி. கண்ணாடி போய் அதுல ஒட்டிக்கிச்சு. அது எறங்காட்டி ஷட்டர் எப்படி ஓடும்? அதுக்கு மேல இந்தத் தேயிலத் தூள் வேற. எங்க வச்சீங்க இத, அடுப்புலயா?”

“ஈரம் படாத எடத்துல” என்றேன்.

“நல்ல எடம்” என்றார் அவர்.

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது உருகிய ஸ்பஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துவிட்டு, நகைப் பெட்டிக்குள் ஒட்டுகிற சிவப்பு வெல்வெட்டில் ஒரு நூல் அகலம் வெட்டி ஒட்டியிருந்தார். பட்டனை அமுக்கிக் காட்டினார். இரண்டு சத்தமும் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். கல்யாணம் முழுவதையும் சொன்னேன். அந்த மனிதர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“கேமரா சரி தம்பி. கல்யாணத்த ரிப்பேர் பண்ண எனக்கு ஏலாது.”

அன்றைக்குப் பின்னேரமே கூட்டாளியைத் தேடிப் போனேன். அவனும் பெண்ணும் லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“படம் எங்க மச்சான்?”

“படம் இல்ல.”

“இல்லன்னா? இன்னும் கழுவலியா?”

“எடுக்கவே இல்ல.”

“பளிச்சு பளிச்சுன்னு அடிச்சியேடா!”

“அது லைட்டு மட்டும்.”

கையில் இருந்த விறகைக் கீழே போட்டான். “தாலி கட்டுனது?”

“அதுவும் இல்ல.”

“எங்க மாமன எடுத்தியே?”

“அவரு ஒருத்தர்தான் இருக்காரு.”

அவன் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து, “இன்னும் பதிமூணு நாளு. காம்பரா போச்சு” என்று மட்டும் சொன்னான். அந்தப் பெண்தான் பேசினாள்.

“அண்ணே, எங்க சின்னம்மா கண்ண மூடிட்டேன்னு மூணு தடவ நின்னாங்களே?”

“மூணு தடவையும் எடுக்கல தங்கச்சி.”

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். “சரி, இப்ப கேமரா ஓடுதுல்ல? வர்ற ஞாயித்துக்கிழம இன்னொரு தடவ நிப்போம்.”

விஷயம் தெரிந்ததும் குடைக்கார மாமன் குதித்தார். “கட்டின தாலியக் கழட்டி மறுபடி கட்டுறதா? என்ன குடும்பம் இது!”

“கழட்ட வேணாங்க” என்றாள் பெண். “தாலி கழுத்துலயே கெடக்கட்டும். பின்னால முடிச்ச புடிச்சுக்கிட்டா கட்டுற மாதிரித்தான் தெரியும்.”

பூசாரிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மந்திரம் மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். “ஒருக்கா சொன்னா சொன்னதுதான். மந்திரம் ஒங்க கேமராவுல விழாதுல்ல?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கோயிலில் கூடினோம். சொந்தக்காரர்கள் பாதிப் பேர்தான் வந்தார்கள். மேளம் இல்லை. வாசலில் கட்டிய வாழைமரங்கள் அப்படியே நின்றன. இலை துவண்டு, விளிம்பு கறுத்து, என் தொழிலின்படி பார்த்தால் கணக்குக்கு மேலே வாடியிருந்தன. மாற்றுவதற்கு வேறு மரம் கிடைக்கவில்லை. மாலை புதிது. மாப்பிள்ளை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூசாரி வாயை இறுக்கி மூடிக்கொண்டு அட்சதை போட்டார். மாமன் மணவறைக்குப் பக்கத்திலேயே வந்து குடையை விரித்துப் பிடித்தார். கோயிலுக்குள் எதற்குக் குடை என்று யாரோ கேட்டார்கள். போனமுறை கைப்பிடி தெரிந்ததா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால்தான் என்றார். பெண் சிரிக்கத் தொடங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டேன். படங்கள் வந்தன. ஒன்றுகூடப் பிழையில்லை, எல்லாம் துல்லியம்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் தோட்டத்துக் கந்தோருக்குப் போனார்கள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். தொரை சிங்களவர், எங்கள் தமிழை நன்றாகவே பேசுவார். படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துப் பார்த்தார்.

“இது பொய்க் கல்யாணம்.”

“நெஜந்தாங்க தொரை” என்றான் கூட்டாளி.

“பொண்ணு சிரிக்குது பாரு, பல்லு எல்லாம் தெரியுது. நான் எத்தன கல்யாணத்துக்குப் போயிருக்கேன். ஒங்க ஆளுங்க பொண்ணு இப்படித்தான் இருக்கும்.” தொரை தன் தலையைக் குனிந்து, கண்ணைத் தாழ்த்திக் காட்டினார். மணப்பெண் மாதிரியே இருந்தது. “வாழமரம் பாரு, செத்துப் போச்சு. செத்த மரத்த யாரு கல்யாணத்துக்குக் கட்டுவான்? பூசாரி வாயத் தொறக்கவே இல்ல. இந்த ஆளு யாரு, கோயிலுக்குள்ள கொட புடிக்கிறான்? போட்டோவுக்குன்னு நடிச்சிருக்கீங்க.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தவறு இல்லை. கல்யாணம் மட்டும் உண்மை. படங்களைத் திருப்பித் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடும்படி கிளாக்கரிடம் சொன்னார். அந்தப் பெண் அப்போது தலையைக் குனிந்தாள். தொரை காட்டிய மாதிரியே குனிந்தாள். ஆனால் அவர் பார்க்கவில்லை.

நான் எப்படி உள்ளே போனேன் என்று எனக்குத் தெரியாது. போய்விட்டேன். தொரையின் மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நிஜக் கல்யாணத்தில் கேமரா கண்ணாடி மேலே ஒட்டிக்கொண்டது, நான் வெளிச்சம் மட்டும் அடித்தேன், அதனால்தான் இன்னொரு தடவை நின்றார்கள் என்றேன். அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. தொரை கேமராவின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“எங்கிட்டயும் அதே கேமராதான், பத்து வருஷமா வச்சிருக்கேன். ஒரு நாளும் ஒட்டினதில்ல. ஒன்னோடது மட்டும் எப்படி ஒட்டும்?”

பதில் எனக்குத் தெரியும். அந்தப் பதிலுக்கு எனக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். கூட்டாளிக்கும் தெரியும், அவன் வேண்டாம் என்று கண்ணால் காட்டினான். தெரியாது என்று தலையாட்டியிருந்தால் போதும். தலையாட்டுவதில் பழக்கப்பட்டவன்தான் நான்.

“சூட்டுல வச்சிருந்தேங்க தொரை. ஸ்பஞ்சு உருகிருச்சு.”

“எந்தச் சூட்டுல?”

“மேல்மாடியிலங்க. காத்து வர்ற எடத்துல. ரெண்டு வருஷமா.”

கோபம் வந்தால் தொரைக்குத் தமிழ் போய்விடும். “மொகத்த கிவ்வே?” என்றார். என்ன சொன்னாய் என்று அர்த்தம். பிறகு வந்ததை எல்லாம் நான் எழுதத் தேவையில்லை. கொழுந்தில் ஸ்பஞ்சு விழுந்திருந்தால், அது கொழும்புக்குப் போயிருந்தால், அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போயிருந்தால் என்று ஒரு தேயிலைப் பெட்டியின் பிரயாணத்தை முழுவதும் சொன்னார். சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு தமிழ் திரும்பி வந்தது.

“இவன் சொல்றது உண்ம. பொய் சொல்ல வந்தவன் இதச் சொல்ல மாட்டான்.”

காம்பராத் துண்டில் கையெழுத்து வைத்து அவனிடம் கொடுத்தார். அதே பேனாவால், திங்கட்கிழமையிலிருந்து நான் ஸ்டோரில் இல்லை, மலையில் உரம் போடுகிற ஆட்களோடு என்று இன்னொரு துண்டில் எழுதினார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கந்தோரை விட்டு இறங்கினோம். அவன் காம்பராத் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “மலையில காத்து நல்லாருக்கும் மச்சான்” என்றான். காற்று நன்றாகத்தான் இருந்தது. காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டையும் நன்றாகவே இருந்தது.

அவர்கள் குடிபோன இரண்டாவது வாரம், மழை கொட்டுகிற ஒரு பின்னேரம் அவன் வந்து என் கதவைத் தட்டினான்.

“கேமராவ எடுத்துக்கிட்டு வா. கூர ஒழுகுது. வாயால சொன்னா தொரை நம்ப மாட்டாரு, போட்டோ வேணும்.”

போனேன். அறை நடுவில் ஒழுகிக்கொண்டிருந்தது, நூல் பிடித்த மாதிரி. அடியில் ஒரு அலுமினியச் சட்டி. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். நிற்கச் சொல்லவில்லை, கேமராவைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். நாலு படம் எடுத்தேன். நாலுக்கும் எட்டுச் சத்தம் கேட்டது.

படத்தில் அந்த ஒழுகல் மட்டும் விழவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், நிமிர்ந்து நிற்கும் இரண்டு பேர், நடுவில் பளபளவென்று ஒரு சட்டி. தொரை வெகுநேரம் பார்த்தாராம்.

“நல்ல காம்பராதானே குடுத்திருக்கேன்” என்றாராம். “எதுக்கு நடுவுல சட்டி வச்சிருக்கீங்க?”

எழுதி முடித்த நாள்: 2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை.